தடை போட்டீர்கள், வரி போட்டீர்கள், மேற்பார்வை எங்கே?

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். குதிரைப் பந்தயத்தைப் பற்றி உங்களுக்கு எழுதுவது கொஞ்சம் சங்கடமான வேலைதான். 'ரேஸா? குடியைக் கெடுக்கிற சமாச்சாரம், அதற்கெல்லாம் சபையின் நேரமா?' என்று உங்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். தாராளமாகச் சுளியுங்கள். ஆனால் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில், 34ஆவது இனமாகப் பந்தயமும் சூதாட்டமும் உட்கார்ந்திருக்கின்றன. இதில் சட்டம் போடும் அதிகாரம் உங்களுடையது. டெல்லியைக் கைகாட்டிவிட்டுப் போக முடியாது. வரி மட்டும் வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் ரேஸை வெறுப்பவன் இல்லை, எந்தக் கிளப்புக்கும் வக்காலத்து வாங்குபவனும் இல்லை. ரேஸ் பார்ப்பவன். ரேஸ் புக்கில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, எப்போதாவது சின்னத் தொகை கட்டுபவன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: பந்தயத்தை நடத்துகிறவரே பந்தயத்துக்கு நீதிபதியாகவும் இருக்கிற ஏற்பாட்டை முடித்துவையுங்கள். கிளப்புக்கு வெளியே நிற்கும் ஓர் ஆணையத்தைச் சட்டம் போட்டு அமையுங்கள்.

இந்த விஷயத்தில் நம் சட்டமன்றத்தின் பழைய கணக்கைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1974இல் கலைஞர் ஆட்சியில், குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. எலியும் பூனையுமாக இருந்த இரண்டு கட்சிகளும் இந்த ஒன்றில் ஒரே பக்கம் நின்றன. இரண்டு முயற்சியும் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தில் விழுந்தன. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கு அது. குதிரையின் வம்சம், பயிற்சி, அதை ஓட்டும் ஜாக்கியின் கைத்திறன், முந்தைய ஓட்டங்களின் கணக்கு எல்லாம் சேர்ந்துதான் வெற்றியைத் தீர்மானிக்கின்றன, ஆகவே இது முக்கியமாகத் திறமை சார்ந்த ஆட்டம் என்று நீதிமன்றம் சொன்னது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பந்தயத்துக்குப் பொருந்தாது, 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

சரி, ஒழிக்கவும் முடியவில்லை, எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அரசு என்ன செய்தது? கையை உதறிக்கொண்டது. இது சூதாட்டம் ஆகாது என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை யாரும் கண்காணிக்க வேண்டாம் என்று அந்தத் தீர்ப்பில் எங்கேயும் இல்லை. ஆனாலும் அப்படி ஒரு வாசகம் இருப்பதைப் போலவே முப்பது வருடம் ஓடிவிட்டது. 1935ஆம் ஆண்டின் பந்தய வரிச் சட்டம் காசு வாங்கக் கற்றுக்கொடுத்தது. வாங்கிய காசுக்கு என்ன பொறுப்பு என்று எந்தச் சட்டமும் கற்றுக்கொடுக்கவில்லை.

'திறமை ஆட்டம் என்று தீர்ப்பே இருக்கும்போது நாங்கள் எப்படிக் கை வைப்பது?' என்று உங்கள் சட்ட ஆலோசகர்கள் கேட்கலாம். அதற்குப் பதில் நீங்களே உண்டாக்கியதுதான். 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடை மற்றும் ஆன்லைன் விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றினீர்கள். ஆளுநர் திருப்பி அனுப்பியும் விடாமல் 2023இல் மறுபடி நிறைவேற்றினீர்கள். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றை மொத்தமாகத் தடைசெய்ய முடியாது என்றது. ஆனால் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அப்படியே விட்டுவைத்தது. பிறகு அந்தச் சட்டத்தின்கீழ் அமைத்த ஆணையம் கொண்டுவந்த விதிகளில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை, நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆட்டம் இல்லை என்றெல்லாம் இருந்தன. 2025 ஜூனில் அவற்றையும் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கடுத்து ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடைசெய்துவிட்டது, அது தனி விவகாரம். எனக்கு வேண்டிய பாடம் இதுதான்: திறமை ஆட்டத்துக்கு ஆணையம் வைக்கலாம், வயது வரம்பு வைக்கலாம், நேர வரம்பு வைக்கலாம். கைப்பேசியில் ஆடிய ரம்மிக்கு ஓர் ஆணையம் வைத்தீர்கள். உயிருள்ள குதிரையும் உயிருள்ள ஜாக்கியும் ஓடுகிற பந்தயத்துக்கு அப்படி ஒன்று கிடையாது.

ரேஸ்கோர்ஸுக்கே போகாத உறுப்பினர்களுக்காக ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஓட்டம் முடிந்ததும் ஜாக்கி இறங்குவார், சேணத்தைக் கழற்றுவார், அதைக் கையில் பிடித்தபடியே போய்த் தராசில் ஏறுவார். ஓட்டத்துக்கு முன்னால் இருந்த அதே எடை இருக்க வேண்டும். ஹேண்டிகேப் ரேஸில் நல்ல குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை என்று பிரித்துத்தான் எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவு வாய்ப்புத் தருகிறார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் கணக்கே மாறிவிடும். எடை சரி என்ற பிறகுதான் முடிவு உறுதியாகும். அதுவரை டிக்கெட்டை யாரும் கிழித்துப் போடக் கூடாது. யாராவது ஆட்சேபம் சொன்னால், ரேஸின் நடுவர்களான ஸ்டீவர்டுகள் அறைக்குள் போய் வீடியோவைப் பார்ப்பார்கள், ஜாக்கிகளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வெளியே ஆயிரக்கணக்கான பேர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறிவிப்புப் பலகையைப் பார்த்தபடி நிற்பார்கள்.

தராசு எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் இருக்கிறது. அறைக் கதவு மூடியிருக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்டீவர்டுகள் யார்? நம் நாட்டுக் கிளப்புகளில் அவர்கள் கிளப் நிர்வாகத்திலிருந்தே வருகிறவர்கள், அல்லது கிளப்பின் சம்பளத்தில் இருப்பவர்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொந்தமாகக் குதிரை வைத்திருப்பதும் சகஜம். அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் ரேஸ்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் தன் குதிரையைத் தோற்கடித்த குதிரைமீது வரும் ஆட்சேபத்தைத் தன் நண்பர் விசாரிக்கிறார் என்றால், தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரியாகவே இருந்தாலும் கேலரியில் இருப்பவன் நம்ப மாட்டான். 'ஜாக்கி குதிரையைப் பிடிச்சுட்டான்', அதாவது வேண்டுமென்றே ஓடவிடாமல் இழுத்துப் பிடித்துவிட்டான், என்கிற பேச்சு ஒவ்வொரு ரேஸ் நாளிலும் காதில் விழும். அதில் முக்கால்வாசி தோற்றவனின் வயிற்றெரிச்சல். மீதிக் கால்வாசியை யார் விசாரித்தார்கள், என்ன கண்டுபிடித்தார்கள், எந்த ஆதாரத்தை வைத்து விட்டுவிட்டார்கள் என்று பொதுமக்கள் முழுசாகப் படிக்கும்படி வெளியே வந்தால், வயிற்றெரிச்சல் எது, விவகாரம் எது என்று பிரித்துப் பார்க்கலாமே.

நமக்கு ரேஸையும் அதன் விதிகளையும் தந்த பிரிட்டனே இந்தப் பழைய முறையைக் கைவிட்டுவிட்டது. 1750இல் தொடங்கிய ஜாக்கி கிளப்தான் அங்கே இருநூறு வருடங்களுக்கு மேல் விதி போட்டதும், விசாரித்ததும், தண்டித்ததும். மைதானங்களும் அதற்குச் சொந்தம். மைதானம் வைத்திருப்பவரே நீதி சொல்வது சரிப்படாது என்று பேச்சு வலுத்து, 2006இல் ஒழுங்குமுறை வேலை கிளப்பிடமிருந்து பிரிந்தது. 2007இலிருந்து அதைப் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையம் பார்க்கிறது. ஜாக்கி கிளப் இன்னும் மைதானங்களை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது, அதன் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இந்தியாவில் மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து ஊர்க் கிளப்புகளும் டர்ஃப் அத்தாரிட்டி என்ற பெயரில் இன்னமும் தாங்களே விதி, தாங்களே விசாரணை என்று இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் கர்நாடகத்தில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் ரேஸ்கோர்ஸுக்கு அரசிடம் லைசன்ஸ் வாங்க வேண்டும். அது ஒரு கடிவாளம்தான். ஆனால் லைசன்ஸ் கொடுப்பதும் ஓட்டத்தை அன்றாடம் கவனிப்பதும் ஒன்றில்லை.

லைசன்ஸ் கொடுக்கும் வாரியம் இருந்தும் அதற்குப் பல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியா சாட்சி. 2018 டிசம்பர் கடைசியில் தொடங்கிய சான்டா அனிடா மைதானத்தின் சீசனில், அடுத்த ஜூனுக்குள் சுமார் 30 குதிரைகள் செத்தன. மாநிலப் பந்தய வாரியம் நூறு விதிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் ஓட்டத்தை உடனே நிறுத்தச் சொல்ல அதனால் முடியவில்லை, முன்னறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2019 ஜூனில் அவசரமாகச் சட்டம் திருத்தி, குதிரைக்கோ ஜாக்கிக்கோ ஆபத்து என்றால் உடனடியாக நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். நீங்கள் ஆணையம் அமைத்தால் முதல் நாளிலேயே அந்த அதிகாரத்தை எழுதிவையுங்கள். முப்பது குதிரைகள் செத்த பிறகு எழுத வேண்டாம்.

குதிரைகளின் சாவைப் பற்றிப் பேசும்போது ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஆயிரம் ஓட்டங்களுக்கு எத்தனை குதிரை செத்தது என்று 2009இலிருந்து எண்ணி வெளியிடுகிறார்கள். ஒரு குதிரை ஒரு ரேஸில் ஓடினால் அது ஓர் ஓட்டம். முதல் வருடம் வந்த எண் 2.00. 2020இல் அங்கே தேசிய அளவில் குதிரைப் பந்தய நேர்மை மற்றும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022 ஜூலையில் பாதுகாப்பு விதிகளும் 2023 மே மாதம் ஊக்கமருந்து விதிகளும் நடைமுறைக்கு வந்தன. சாட்டையால் ஒரு ரேஸில் ஆறு அடிக்கு மேல் அடிக்கக் கூடாது, ரேஸுக்கு முன் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு குதிரையையும் பரிசோதிக்க வேண்டும் என்பவையெல்லாம் அவற்றில் அடக்கம். 2024இல் அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையத்தின்கீழ் வரும் மைதானங்களில் எண் 0.90. பாதிக்கும் கீழே. தரை சரிசெய்ததா, மருத்துவரா, மருந்துச் சோதனையா, எது எவ்வளவு உதவியது என்று வாதாடலாம். எண்ணாமல் இருந்திருந்தால் வாதாடக்கூட முடியாது. நம் ஊரில் கடந்த சீசனில் எத்தனை குதிரைகள் கால் ஒடிந்து கீழே போயின என்று ஒரு சாதாரண மனிதன் எங்கே போய்ப் படிப்பது? 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்பீர்கள். புகார் வந்தால் நடவடிக்கை எடுக்கும் சட்டம் அது. குதிரையால் புகார் கொடுக்க முடியாது.

குதிரைக்குப் பக்கத்திலேயே இருப்பவர் சைஸ் என்கிற குதிரைப் பராமரிப்பாளர். விடியற்காலை குதிரையைத் தேய்த்து, நடத்தி, தீனி வைத்து, லாயத்திலேயே படுத்துத் தூங்குகிறவர். குதிரையை நோகடிக்கும் எந்தத் தில்லுமுல்லும் முதலில் அவர் கண்ணுக்குத்தான் படும். அவருடைய வேலையும் சம்பளமும் ட்ரெய்னர் கையில் இருக்கும்வரை அவர் வாய் திறக்க மாட்டார். பெயர் வெளியே போகாமல் அவர் புகார் சொல்ல ஓர் இடம் வேண்டும். அது கிளப் அலுவலகமாக இருக்க முடியாது.

இனி வரி. கட்டிய பணத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குக் கிளப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு டோட் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கட்டிய பணம் சேரும் வின் பூலில், ஒரு ரேஸுக்கு ஒரு லட்ச ரூபாய் சேர்ந்தது என்று வையுங்கள். கிளப் 20 சதவீதம் கமிஷனாக எடுத்துக்கொண்டால் மீதி 80,000. ஜெயித்த குதிரைமேல் 10,000 ரூபாய் கட்டப்பட்டிருந்தால், பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 80 ரூபாய் கிடைக்கும். எந்தக் குதிரை ஜெயித்தாலும் கிளப்புக்கு அதே 20,000தான். எந்தக் குதிரை தோற்றாலும் டோட்டுக்கு ஆதாயம் இல்லை. தன் கைக்காசை வைத்துப் பந்தயம் வாங்கும் புக்கி அப்படி இல்லை. நிறையப் பேர் பணம் கட்டிய ஃபேவரிட் குதிரை தோற்றால் புக்கிக்குக் கொண்டாட்டம். ஆகவே கண்காணிக்க லேசானது டோட், ஒவ்வொரு ரூபாயும் கம்ப்யூட்டரில் பதிவாகிறது.

இந்த டோட்டைத்தான் வரி முதலில் அடித்தது. ஜிஎஸ்டியில் 28 சதவீதம் என்று வைத்து, அதைக் கிளப்பின் கமிஷன்மேல் போடாமல், கட்டும் முழுத் தொகைமேல் போட்டார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் கமிஷன்மேல்தான் வரி என்று சொன்னது. 2023 அக்டோபரிலிருந்து சட்டத்தையே திருத்தி முழுத் தொகைமேல் என்று உறுதிசெய்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். மேலே சொன்ன அதே கணக்கில், நூறு ரூபாய் கட்ட 140 ரூபாய் கொடுக்க வேண்டும். அதில் 80 ரூபாய்தான் சராசரியாகத் திரும்பும். அதற்கு மேல், ஜெயித்த தொகை பத்தாயிரத்தைத் தாண்டினால் 30 சதவீதம் டிடிஎஸ்.

திருட்டு புக்கியிடம் போனால் இது எதுவும் இல்லை. நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய். டிக்கெட் இல்லை, போன் போதும். இன்னும் மோசமானது, கையில் காசே வேண்டாம், கடனுக்கு எழுதிக்கொள்வார்கள். குடும்பத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கடன்தான். ரொக்கம் கட்டித் தோற்றவன் பை காலியாகி வீட்டுக்கு நடந்து வருவான். கடனில் தோற்றவன் வீட்டுக்கு ஆள் வரும். வரியை ஏற்றினால் ஆட்டம் குறையும் என்று நினைத்தவர்கள் ஆட்டக்காரனை அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஹாங்காங்கில் இதே கதை நடந்து முடிந்திருக்கிறது. 1996-97இல் அங்கே ரேஸில் கட்டப்பட்ட தொகை சுமார் 9,200 கோடி ஹாங்காங் டாலர். வரி மொத்தத் தொகைமேல் இருந்தது. திருட்டு புக்கிகள் தள்ளுபடி கொடுத்து ஆட்களை இழுத்தார்கள். 2005-06இல் அது சுமார் 6,000 கோடிக்கு இறங்கியது. 2006இல் வரியை ஜெயித்தவர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சும் தொகைமேல் என்று மாற்றினார்கள். விகிதம் குறைவு என்று நினைக்காதீர்கள், 72.5 சதவீதத்தில் ஆரம்பம். ஆனாலும் சரிவு நின்றது, தொகை மறுபடி ஏறியது, அரசுக்கும் வருமானம் குறையாமல் நிலைத்தது. ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கு ஓர் இருக்கை இருக்கிறது. வரியைக் கமிஷன்மேல் மாற்றச் சொல்லி இந்தச் சபை ஒரு தீர்மானம் போடலாம். வேண்டுமானால் விகிதத்தை 40க்கு மேலேயே வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக நிலம். நம் ஊரில் ரேஸ் என்றாலே பேச்சு ஏக்கருக்குத்தான் போகிறது. கிண்டியில் 160 ஏக்கர், 1945இல் 99 வருடக் குத்தகை, வருட வாடகை 614 ரூபாய் சொச்சம், கடைசியில் 2024 செப்டம்பரில் அரசு அதைத் திருப்பி எடுத்தது. அதே வருடம் ஜூனில் ஊட்டி மைதானம். வாடகைக் கணக்கில் அரசு பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், மீதியை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் கவலை வேறு. மைதானம் பூங்காவாகிவிட்டால் ரேஸ் பிரச்சினை தீர்ந்தது என்று யாரும் ஃபைலை மூடிவிடக் கூடாது. சென்னையில் உட்கார்ந்தபடி பெங்களூரு ரேஸிலும் புனே ரேஸிலும் பணம் கட்டுவது பல காலமாக நடப்பதுதான். திருட்டு புக்கிக்கு ஒரு சென்ட் நிலமும் தேவையில்லை.

ஆணையம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் பெரிய பட்டியல் போடப் போவதில்லை. குதிரை வைத்திருப்பவரும் கிளப் உறுப்பினரும் அதில் இருக்கக் கூடாது. ஒரு கால்நடை மருத்துவரும், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும், கணக்குத் தணிக்கை தெரிந்த ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்டீவர்டுகளின் சம்பளம் ஆணையத்திலிருந்து வர வேண்டும். அதற்கான செலவை டோட் கமிஷனிலிருந்தே பிடிக்கலாம், கஜானாவிலிருந்து ஒரு பைசா வேண்டாம். யாரும் வந்து வாங்காத ஜெயித்த டிக்கெட்டுகளின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் சட்டத்தில் எழுதுங்கள். ஓடி முடித்த குதிரைகளின் பராமரிப்புக்குப் போகட்டும் என்பது என் ஆசை. 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று ஒருவன் தானே எழுதிக் கொடுத்தால் அவனுக்கு எந்தக் கவுன்ட்டரிலும் டிக்கெட் தரக் கூடாது என்று ஒரு பிரிவு. ரேஸ்கோர்ஸ் வாசலில் கணவனுக்காகக் காத்து நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

சட்டம் வரக் காலம் பிடிக்கும், தெரியும். அதுவரைக்கும் ஒரு வேலை செய்யலாம். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் உங்களில் யாராவது ஒருவர் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். கடந்த ஐந்து வருடங்களில் குதிரைப் பந்தயத்திலிருந்து மாநிலத்துக்கு வந்த வரி எவ்வளவு? அதே ஐந்து வருடங்களில் தமிழ்நாட்டு மைதானங்களில் ஓடும்போதும் பயிற்சியின்போதும் செத்த குதிரைகள் எத்தனை? ஸ்டீவர்டுகள் விசாரித்த ஆட்சேபங்களில் எத்தனைக்கு எழுத்து மூலமான தீர்ப்பு இருக்கிறது? முதல் கேள்விக்குப் பதில் அன்றைக்கே வந்துவிடும். மற்ற இரண்டுக்கும் அமைச்சர் அவகாசம் கேட்டால், எத்தனை நாள் என்று தேதி வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

இப்படிக்கு,
ரேஸ் பார்க்கும் ஒரு வாக்காளர்